குட்டி இப்போ 19 இன்ச்… கூண்டு எத்தனை இன்ச் வாங்கறது?

மதுரையிலேருந்து ஒரு வாசகி நாலு பக்கத்துக்கு லெட்டர் போட்டிருக்காங்க. பேரு, ஏரியா, வேலை பாக்கற இடம் எல்லாத்தையும் எடுத்துட்டு விஷயத்த மட்டும் சுருக்கமா சொல்லிடறேன். வீட்ல இவங்க, கணவர், மாமியார் மூணு பேர். புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் காலைல ஒம்போது மணிக்கு கெளம்பினா திரும்பி வர சாயங்காலம் அஞ்சரை ஆகும். ஆசப்பட்டு ஒரு ஜெர்மன் ஷெப்பர்ட் ஆண்குட்டி வாங்கிருக்காங்க, கடைல வாங்கறப்போ 42 நாள், இப்போ 57 நாள். அப்பா நாய நேர்ல பாத்தாங்களாம், நல்ல ஒசரமாம். வந்த நாள்லேருந்து கடைக்காரர் இரவல் குடுத்த ஒரு சின்ன கம்பிக் கூண்டுலதான் குட்டி படுக்குது, ராத்திரி பூரா கத்துது, அதுக்குள்ளயே உச்சா போய் அது மேலயே படுத்துக்குது.

சரி, சொந்தமா ஒன்னு வாங்கிடலாம்னு பேச்ச எடுத்ததும் ஆளாளுக்கு ஒரு யோசனை. கடைக்காரர் "இப்போதைக்கு 30 இன்ச் போதும்மா, வளந்தா மாத்திக்கலாம்"ங்கறார். கணவர் "ரெண்டு தடவ செலவு பண்ண முடியாது, ஒரேடியா 54 இன்ச் வாங்கிப் போட்ருவோம்"ங்கறார். கணவரோட ஆபீஸ்ல ஒருத்தர் வீட்ல சும்மா கெடக்கற 36 இன்ச் கூண்ட ஓசிக்கே தர்றேன்னு சொல்லிருக்கார், அவங்க குட்டி அஞ்சு மாசம் முன்னாடி பார்வோங்கற வைரஸ் நோய் வந்து இறந்து போச்சாம். பெரியப்பா ஒருத்தர், கிரில் பட்டறைல சொல்லி ஆறடிக்கு நாலடி இரும்புக் கூண்டு அடிச்சு மொட்டை மாடில தகரம் போட்டு வெச்சிரலாம்னு. மாமியார் மட்டும் "வாயில்லா ஜீவன கூண்டுல அடைக்கறது பாவம்"னு ஒரே வரில முடிச்சிட்டாங்க. இதுக்கு நடுவுல, சின்ன கூண்டுல வளந்தா நாய் குட்டையா போயிடும்னு யாரோ கெளப்பி விட, பயந்து போய் தினம் 10 எம்எல் கால்சியம் சிரப் வேற ஊத்திட்டிருக்காங்க, அப்படியே காதும் சீக்கிரம் நிமிரும்னு. "டாக்டர், எந்த சைஸ் வாங்கறதுன்னு ஒரு வார்த்தைல சொல்லுங்க"ன்னு லெட்டர் முடியுது.

வணக்கம்மா. ஒரு வார்த்தைல கேட்டீங்க, அதனால அத மொதல்ல சொல்லிடறேன். 48 இன்ச் கம்பிக் கூண்டு, உள்ள நகத்தி வெக்கற டிவைடரோட, அதாவது நடுத் தடுப்போட. டிவைடர் இல்லாத 48 உங்களுக்கு இப்போ வேண்டாம். இத மட்டும் எழுதிட்டு அடுத்த லெட்டருக்குப் போயிருப்பேன், ஆனா உங்க லெட்டர்ல மூணாவது பக்கத்துல, போற போக்குல, "நாங்க வர்ற வரைக்கும் கூண்டுலதான் இருக்கும்"னு எழுதிருக்கீங்க பாருங்க, அந்த வரிதான் எனக்கு தூக்கத்த கெடுத்துச்சு. இன்ச் கணக்க முடிச்சிட்டு அதுக்கு வர்றேன், நடுவுல பாதிலயே நிறுத்திடாதீங்க.

ஏன் 30ம் வேண்டாம், 54ம் வேண்டாம்

நாய்க்கு பொறப்புலயே ஒரு பழக்கம் உண்டு, தான் படுக்கற இடத்த அசிங்கம் பண்ணாது. மூணு வாரக் குட்டியே தட்டுத் தடுமாறி அம்மா படுத்திருக்கற இடத்த விட்டு ரெண்டு அடி தள்ளிப் போய்தான் உச்சா போகும். கூண்டுல வெச்சு பழக்கறதுங்கற விஷயம் மொத்தமும் இந்த ஒரு குணத்த நம்பித்தான் நடக்குது. இப்போ உங்க குட்டிய 54 இன்ச்சுக்குள்ள விட்டா என்ன பண்ணும்? இந்த மூலைல படுக்கும், அந்த மூலைல போகும். அதுக்கு அது ஒரு ரூம், அட்டாச்டு பாத்ரூமோட. உங்க கணவர் சொல்றது கணக்குப்படி சரிதான், ரெண்டு தடவ வாங்கறது தண்டம், ஆனா 54ங்கறது கிரேட் டேன், செயின்ட் பெர்னார்ட் மாதிரி ராட்சச ஜாதி நாய்ங்களுக்கான சைஸ், உங்க பையன் முழுசா வளந்தாலும் அதுல நெறைய இடம் சும்மாதான் கெடக்கும், உங்க ஹால்தான் போகும்.

கடைக்காரர் சொல்ற 30 இன்ச்சு இன்னிக்கு பாத்தா கச்சிதமா இருக்கும், அதுல பொய்யில்ல. ஆனா ஷெப்பர்ட் குட்டி வளர்ற வேகம் உங்களுக்குத் தெரியாது, நாலு மாசம் ஆகறப்போ அந்த கூண்டுல திரும்பிப் படுக்கவே முக்கும். அப்போ திரும்ப அதே கடைக்குதான் போவீங்க. அவருக்கு அது தெரியும்.

சின்ன கூண்டுல அடைச்சா என்ன ஆகும்னு புஸ்தகத்துல நெறைய இருக்கு, நான் என் கிளினிக் டேபிள்ல பாத்தத ஒன்னு சொல்றேன். ஒரு லேப்ரடார், வயசு பதினோரு மாசம், வால் நுனி கிழிஞ்சு ரத்தம் சொட்டச் சொட்ட கொண்டு வந்தாங்க. யாரோ அடிச்சிருக்காங்கன்னு வீட்ல சண்டையே நடந்திருக்கு. கடைசில பாத்தா, சாயங்காலம் இவங்க கேட்ட தொறக்கற சத்தம் கேட்டதும் அது சந்தோஷத்துல வால ஆட்டுது, கூண்டு அகலம் பத்தாம ரெண்டு பக்கமும் கம்பில படார் படார்னு அடிபடுது, தினமும். கட்டு போட்டு அனுப்பினா மறுநாள் கட்டு அவுந்து செவுரு பூரா ரத்தப் புள்ளி. அந்த வால் ஆற ரெண்டு மாசம் ஆச்சு. அந்த வீட்ல எல்லாருக்கும் அது மேல உசுரு, கூண்டு மட்டும் அது ஆறு மாசக் குட்டியா இருந்தப்போ வாங்கினது.

நீளத்த மட்டும் பாத்து வாங்கறவங்க அதிகம், அகலமும் உயரமும் அதே அளவுக்கு முக்கியம்ங்கறதுக்குத்தான் இத சொன்னேன். உள்ள நிக்கறப்போ தலை குனியக் கூடாது, நின்ன இடத்துலயே ஒரு சுத்து சுத்தணும், ஒருக்களிச்சு நாலு காலையும் நீட்டிப் படுக்கணும். இந்த மூணும் நடந்தா அந்த சைஸ் சரி.

டேப் புடிக்கற விதம்

மூக்குலேருந்து வால் அடி வரைக்கும் 19 இன்ச், உக்காந்தா ஒசரம் 14 இன்ச்னு அளந்து எழுதிருக்கீங்க, நெறைய பேரு "மீடியமா இருக்கு டாக்டர்"னு எழுதுவாங்க, உங்களுக்கு தேங்க்ஸ். ஆனாலும் இன்னொரு தடவ அளந்துருங்க, ஏன்னா தனியா அளந்தா கண்டிப்பா ரெண்டு இன்ச் தப்பு வரும். தையல் டேப் எடுங்க. இரும்பு டேப் வேண்டாம், அது சர்ருன்னு சுருண்டு உள்ள போற சத்தத்துக்கே குட்டி சோபாவுக்கு அடில ஓடிரும். உங்க கணவர ஒரு சின்ன துண்டு மேரி பிஸ்கட்ட குட்டி மூக்குக்கு நேரா புடிச்சிட்டு நிக்கச் சொல்லுங்க, மேலயும் தூக்கக் கூடாது கீழயும் எறக்கக் கூடாது, அது நேரா பாத்து நிக்கறப்போ நீங்க மூக்கு நுனிலேருந்து வால் மொளைக்கற இடம் வரைக்கும் அளக்கணும். வால் கணக்குல சேராது. ஒசரத்துக்கு டேப்பே வேண்டாம், செவுத்த ஒட்டி உக்கார வெச்சு மண்டை உச்சிக்கு நேரா ஒரு ஸ்கேல படுக்க வெச்சு பென்சில்ல ஒரு கோடு, அப்புறம் அது ஓடிப் போனாலும் பரவால்ல, கோட்ட அளந்துக்கலாம். புள்ளைங்களுக்கு போடற மாதிரி ரெண்டு வாரத்துக்கு ஒரு கோடு தேதியோட போட்டு வெச்சீங்கன்னா எனக்கும் ஊசி போட வர்றப்போ அது ரொம்ப உபயோகமா இருக்கும்.

ரெண்டு அளவுலயும் நாலு நாலு இன்ச் சேருங்க. அதாவது இன்னிக்கு உங்க குட்டிக்கு வேண்டிய இடம் 23 இன்ச் நீளம், 18 இன்ச் உயரம். 48 இன்ச் கூண்டுல டிவைடர முன்பக்கத்துலேருந்து 23ல நிறுத்துங்க, மிச்சம் 25 இன்ச் காலியா கெடக்கட்டும், அங்க பொம்மை, பழைய துணின்னு எதையும் அடைச்சு வெக்காதீங்க, கால விட்டு இழுத்து திங்கும்.

அப்போ ஏன் 48, ஏன் 42 இல்லன்னு கேப்பீங்க. ஜெர்மன் ஷெப்பர்ட் ஆண் நாய் தோள்பட்டை ஒசரம் 60லேருந்து 65 சென்டிமீட்டர், எடை 30லேருந்து 40 கிலோ, இது அந்த ஜாதிக்கு எழுதி வெச்ச தரம். பொட்டை 55லேருந்து 60, எடை 22லேருந்து 32 கிலோ. நீங்க பொட்டைக் குட்டி வாங்கிருந்தா கண்ண மூடிட்டு 42 சொல்லிருப்பேன். ஆண், அப்பனும் ஒசரம்னு எழுதிருக்கீங்க, 42 அதுக்கு பத்தும் பத்தாமயும் இழுபறியா வரும். நம்ம ஊரு வெக்கைல பெரிய நாய் கால நீட்டி ஓரமா காத்து வாங்கிப் படுக்க இடம் இருக்கறது நல்லது, டிவைடர் இருக்கறப்போ பெருசா வாங்கறதுல நஷ்டமும் இல்ல. சாதாரணமா 48ன்னு விக்கறது 48 நீளம், 30 அகலம், 32 இல்ல 33 உயரம்னு வரும். கம்பெனிக்கு கம்பெனி ஒன்னு ரெண்டு இன்ச் மாறும், அட்டைல போட்டிருக்கறது வெளி அளவு, உள்ள அதவிட கொஞ்சம் கம்மி. கதவோட அகலத்தையும் பாத்துக்கோங்க, கூண்டு பெருசா இருந்து கதவு சின்னதா வர்ற மாடல் எல்லாம் இருக்கு.

ஆர்டர் போடறதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணுங்க. வாசல்ல கோலம் போட எடுக்கற மாவையோ சாக்பீஸையோ எடுத்து ஹால்ல நாலடிக்கு ரெண்டரை அடி ஒரு கட்டம் போடுங்க. ஒரு நாள் பூரா அத சுத்தி நடமாடிப் பாருங்க. பாத்ரூம் கதவு தொறக்க இடிக்குதா, மத்தியானம் மேக்கு ஜன்னல் வெயில் அதுல விழுதா, ஃபேன் காத்து வருதா, மாமியார் தண்ணி எடுக்கப் போற வழியா, எல்லாம் அன்னிக்கே தெரிஞ்சிரும். கூண்டு வந்தப்புறம் தெரிஞ்சா அது நேரா மாடிப்படிக்கு அடில போயிரும், குட்டியும் கூடவே அங்க போயிரும்.

டிவைடர நகத்தறதுக்கு நாள் கணக்கு கெடையாது. அது ஒருக்களிச்சு தூங்கறப்போ பாருங்க, பாதம் டிவைடர்ல முட்டுச்சுன்னா ரெண்டு மூணு இன்ச் தள்ளுங்க. தள்ளின ஒரு வாரத்துல உள்ள உச்சா போச்சுன்னா அவசரப்பட்டுட்டோம்னு அர்த்தம், ஒரு இன்ச் திரும்ப கொண்டு வாங்க. ஆறு ஏழு மாசத்துல ஒசரத்துல பெரும்பகுதி வந்துரும், மூணு நாலு வாரம் தொடர்ச்சியா உள்ள ஒரு தடவகூட நனைக்கலன்னா அப்போ டிவைடர கழட்டிரலாம். உடம்பு முழுசா தெரள்றதுக்கு ஒன்னரை வருஷம்கூட ஆகும், அதுக்குத்தான் இந்த 48.

கடைக் கூண்டுல பொறந்த பழக்கம்

இப்போ நீங்க கேக்கப் போறது எனக்குத் தெரியுது. "படுக்கற இடத்துல போகாதுன்னு சொன்னீங்க, எங்களுது அது மேலயேதான படுக்குது?" ஆமா. தப்பு குட்டிது இல்ல. உங்க கிட்ட வர்றதுக்கு முன்னாடி அது எங்க இருந்துச்சு, யோசிச்சுப் பாருங்க. அஞ்சாறு குட்டிங்க ஒரே கூண்டுல, கீழ பேப்பரு, ஒரு நாளைக்கு ஒரு தடவ மாத்தினா பெரிய விஷயம். வெளிய போக வழியே இல்லன்னா அந்த பொறவி குணம் மழுங்கிப் போயிரும், ஈரத்துல படுக்கறதுதான் ஒலகம்னு பழகிரும். இந்த மாதிரி குட்டிக்கு கூண்ட சின்னதாக்கினா அடக்கிக்கும்ங்கற பாடமெல்லாம் எடுபடாது. டிவைடர 23லேருந்து 20க்கு தள்ளிப் பாக்கலாம்னு தோணும், தயவுசெஞ்சு பண்ணாதீங்க, இன்னும் அதிகமாதான் அது மேல பொரளும்.

இதுக்கு கொஞ்ச நாள் நீங்கதான் கடிகாரம். தூங்கி எழுந்ததும், சாப்ட்டு பத்து பதினஞ்சு நிமிஷத்துல, வெளையாடி முடிச்சதும், தூக்கிட்டுப் போய் ஒரே இடத்துல விடுங்க, ஊசி முழுசா முடியற வரைக்கும் தெருவுக்கு வேண்டாம், உங்க காம்பவுண்டுக்குள்ளயே ஒரு மூலை போதும். போனதும் அந்த நிமிஷமே கொஞ்சுங்க. உள்ள விரிச்சிருக்கற துணிய மாத்துங்க, கடைல பேப்பர்ல பழகினதுன்னா பேப்பர் விரிச்சாலே அதுக்கு "இங்க போ"ன்னு சொல்ற மாதிரி, அதனால கூண்டுல மெல்லிசா ஒரு பருத்தித் துணி, தெனமும் தொவைச்சது. கருப்பு பினாயில் ஊத்தி கழுவறத இன்னியோட விடுங்க, ஈரம் காயறதுக்குள்ள அது பாதத்த நக்கும், வாயெல்லாம் புண்ணாகும். சோப்புத் தண்ணில கழுவி, வினிகர் கலந்த தண்ணில தொடச்சா வாடை போயிரும். அப்புறம், ஒரு தடவ மலத்த டெஸ்ட் பண்ணிருங்க. வயித்துல பூச்சி இருந்து பேதி போற குட்டியால எந்த சைஸ் கூண்டுலயும் அடக்க முடியாது. இந்த வயசுல ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ பூச்சி மருந்து குடுக்கணும், கடைல குடுத்தாச்சுன்னு சொன்னத நம்பிட்டிருக்கீங்கன்னு நெனைக்கறேன்.

இன்னொன்னு, உங்கள குத்தம் சொல்றதுக்கு இல்ல, அடுத்து வாங்கப் போற வேற யாராவது இத படிப்பாங்கங்கறதுக்காக. 2017ல வந்த நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள்படி எட்டு வாரம் முடியாத குட்டிய விக்கக் கூடாது. எட்டு வாரம்னா 56 நாள். உங்களுக்கு வித்தது 42 நாள்ல. அந்த ரெண்டு வாரம் அம்மா கூடவும் கூடப் பொறந்ததுங்க கூடவும் இருந்திருந்தா கடிக்கறதுல ஒரு அளவு வந்திருக்கும், ராத்திரி கத்தலும் இவ்ளோ இருந்திருக்காது. அதுக்கு இப்போதைக்கு ஒரு வழி, கூண்ட ராத்திரில உங்க பெட்ரூமுக்குள்ள, கட்டில் பக்கத்துல வெச்சுக்கங்க. கைய கீழ தொங்க விட்டா அது மோந்து பாத்துட்டு படுத்துக்கும். மூணு வாரம் கழிச்சு கொஞ்சம் கொஞ்சமா ஹாலுக்கு நகத்தலாம். நடு ராத்திரி ஒரு தடவ நீங்களே எழுப்பி வெளிய விட்டு கொண்டாந்து விடுங்க, லைட்டு போடாம, பேசாம, வெளையாட்டு காட்டாம.

ஒம்போதுலேருந்து அஞ்சரை

மூணாவது பக்கத்துக்கு வந்துட்டேன். எட்டரை மணி நேரம். ரெண்டு மாசக் குட்டி எவ்ளோ நேரம் அடக்கும்னு ஒரு தோராயக் கணக்கு உண்டு, மாசத்தோட ஒன்னு கூட்டிக்கணும், ரெண்டு மாசத்துக்கு மூணு மணி நேரம், அதுவும் உச்சபட்சம். பகல்ல கதவு சாத்தின கூண்டுல ஒரே மூச்சா ரெண்டு மணி நேரத்துக்கு மேல இந்த வயசுல வேண்டாங்கறது என் கணக்கு. அதனால நீங்க 48 வாங்கினாலும் 54 வாங்கினாலும், கதவ சாத்திட்டு எட்டரை மணி நேரம் போனீங்கன்னா அது தப்பான சைஸ்தான். வளந்த நாய்க்கும் தெனமும் அவ்ளோ நேரம் சரிப்படாது.

உங்க மாமியார் பாவம்னு சொன்னத சிரிச்சு ஒதுக்கிருப்பீங்க, அவங்க சொன்னதுல விஷயம் இருக்கு. ஸ்வீடன்லயும் ஃபின்லாந்துலயும் வீட்ல நாய கூண்டுல பூட்டி வளர்க்கறதுக்கு சட்டமே எடம் குடுக்கல, வண்டில கூட்டிட்டுப் போறது மாதிரி சமயத்துக்குத்தான் கூண்டு. நம்ம நாட்லயும் 1960ல வந்த மிருகவதை தடுப்புச் சட்டத்துல 11ஆவது பிரிவுல இது இருக்கு, நடமாட வழியில்லாத அளவுக்கு நீளம், அகலம், உயரம் கம்மியான கூண்டுல அடைச்சு வெக்கறது குத்தம், எப்பவும் கட்டிப் போட்ட இல்ல அடைச்சு வெச்ச நாய ஒடம்ப அசைக்க வெளிய விடாம இருக்கறதும் சொந்தக்காரர் மேல குத்தம். மொத தடவ அபராதம் 10லேருந்து 50 ரூபா. அம்பது ரூபாய்க்கு பயந்து யாரும் மாறப் போறதில்ல, இருந்தாலும் இது நம்ம சட்டத்துல அறுவது வருஷத்துக்கு மேலா எழுதிருக்குன்னு தெரிஞ்சு வெச்சுக்கங்க.

நான் கூண்டுக்கு எதிரி இல்லம்மா. ராத்திரி தூங்க, ஒரு மணி நேரம் கடைக்கு போயிட்டு வர, வெடி வெடிக்கற தீபாவளி அன்னிக்கு அது ஓடி ஒளிய, ஆபரேஷன் ஆனா ஓய்வுல வெக்க, கூண்டு மாதிரி நல்ல பொருள் இல்ல. பகல் பூரா அது குட்டிய பாத்துக்கணும்னு எதிர்பாக்கறதுதான் எனக்கு ஒத்துவரல.

உங்க வீட்டுக்கு என்ன பண்ணலாம்? சமையல்கட்டு பின்னாடி வாஷ் ஏரியா இருக்குன்னு எழுதிருக்கீங்க. வாஷிங் மெஷின் ஒயர மேல தூக்கிக் கட்டிட்டு, சோப்பு டப்பா, ஆசிட் எல்லாத்தையும் எடுத்துட்டு, வாசல்ல இடுப்பு ஒசரத்துக்கு ஒரு தடுப்பு கேட் போடுங்க. அதுக்குள்ள ஒரு பக்கம் கூண்டு, கதவு தொறந்தே இருக்கணும், கதவ பின்னாடி கட்டிருங்க, தானா சாத்திக்கக் கூடாது. எதிர் மூலைல உச்சாவுக்கு ஒரு துண்டு செயற்கைப் புல் இல்லன்னா ட்ரே. நடுவுல தண்ணி. வழுவழு டைல்ஸ்னா ரப்பர் பாய் விரிங்க, ஷெப்பர்டுக்கு இடுப்பு மூட்டு தொந்தரவு இந்த ஜாதிலயே ஓடற வியாதி, வழுக்கி வழுக்கி வளந்தா இன்னும் மோசம். மாமியாருக்கு முட்டி வலி, குனிய முடியாது, குட்டி பல்லுக்கும் பயம்னு சொல்லிருக்கீங்க, அவங்க குனிய வேண்டாம், கேட்டுக்கு இந்தப் பக்கம் சேர் போட்டு உக்காந்து கத்தரிக்கா நறுக்கிட்டு பேசிட்டிருந்தா போதும், குட்டிக்கு அதுவே பாதி. கணவர் ஆபீஸ் பக்கம்தான்னா மத்தியான சாப்பாட்டுக்கு ரெண்டு மாசம் வீட்டுக்கு வரட்டும், இல்ல பக்கத்து வீட்ல காலேஜ் போற பையன் எவனாவது இருந்தா பதினோரு மணிக்கு ஒரு தடவ, ரெண்டு மணிக்கு ஒரு தடவ வந்து கூட்டிட்டுப் போக மாசம் ஏதோ குடுங்க. 54க்கும் 48க்கும் உள்ள வெலை வித்தியாசத்துலயே மொத மாசம் ஓடிரும்.

இது எதுவும் முடியாதுன்னு ஆச்சுன்னா, மூணு நாலு மாசம் ஊர்ல யாராவது வீட்ல இருக்கற சொந்தக்காரங்க கிட்ட வளத்து அப்புறம் கூட்டிட்டு வர்றதும் ஒரு வழி. கஷ்டமாத்தான் இருக்கும், சொல்ல வேண்டியது என் கடமை.

ஓசிக் கூண்டு, மொட்டை மாடி, கால்சியம்

அந்த 36 இன்ச்ச வாங்காதீங்க, நன்றி சொல்லிட்டு வேண்டாம்னுடுங்க. பார்வோ வைரஸ் வெயில் படாத இடத்துல மாசக்கணக்குல, ஒரு வருஷம் வரைக்கும்கூட உசுரோட இருக்கும், அஞ்சு மாசம்ங்கறது அதுக்கு ஒன்னுமே இல்ல. டெட்டாலுக்கும் பினாயிலுக்கும் அது சாகாது. ப்ளீச்சிங் கரைசல் ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணி கலந்து, அழுக்கெல்லாம் நல்லா தேச்சுக் கழுவினதுக்கு அப்புறம், பத்து நிமிஷம் ஊற வெச்சா சாகும், ஆனா கீறல் விழுந்த பிளாஸ்டிக் ட்ரேக்குள்ள அது எறங்குமாங்கற சந்தேகம் எனக்கு. ஒரே ஒரு ஊசி போட்ட குட்டிய வெச்சுட்டு அந்த ரிஸ்க் எதுக்கு, அதுவும் 36ங்கறது உங்களுக்கு பத்தாத சைஸுக்கு. 16 வாரம் முடியற வரைக்கும் மூணு நாலு வாரத்துக்கு ஒரு ஊசின்னு வரிசையா முடிச்சிருங்க.

பெரியப்பாவோட மொட்டை மாடி யோசனைக்கு நான் பெரிய கும்பிடு போடறேன். மதுரைல சித்திரை, வைகாசி வெயில், மேல தகரம், கீழ கொதிக்கற தளம், நடுவுல ரெண்டு அடுக்கு முடி உள்ள நாய். நாய்க்கு நம்ம மாதிரி வேர்வை கெடையாது, மூச்சு வாங்கித்தான் சூட்ட எறக்கணும், சுத்தி இருக்கற காத்தே அனலா இருந்தா எதுல எறக்கும்? அதுக்கு சாதாரண சூடு 101லேருந்து 102.5 ஃபாரன்ஹீட், 106 தாண்டிருச்சுன்னா உள்ளுறுப்பு ஒவ்வொன்னா கெட ஆரம்பிக்கும். ஒவ்வொரு மே மாசமும் இந்த மாதிரி தூக்கிட்டு வர்றாங்க, எல்லாத்தையும் காப்பாத்த முடியறதில்ல. பட்டறைல அடிக்கற கூண்டுக்கு கீழயும் கம்பிதான் போடுவாங்க, கழுவ ஈஸின்னு, அதுல நின்னு நின்னு பாதம் விரிஞ்சு போயிரும், முழங்கைல காய்ப்பு காய்ச்சு நீர் கோத்துக்கும். வீட்டுக்குள்ள வெக்கற கூண்டையும் மத்தியானத்துல பெட்ஷீட்ட போட்டு மூடாதீங்க, ராத்திரில வேணா ஒரு பக்கம் மட்டும் மெல்லிசா. உள்ள விடறப்போ கழுத்துப் பட்டைய கழட்டிருங்க, கம்பில மாட்டினா இழுக்க இழுக்க இறுகும்.

சின்ன கூண்டுல நாய் குட்டையா போயிடும்ங்கறது தப்பு. ஒசரம் அப்பா அம்மா வழில வர்றது, அப்புறம் சாப்பாடு. நகர வழியில்லாம அடைச்சே வெச்சா தசை மெலியும், எலும்பு குட்டையாகாது. அந்த பயத்துல ஊத்தற கால்சியம்தான் நெஜமான ஆபத்து. பெரிய ஜாதிக் குட்டிக்கு கால்சியம் அதிகமானா எலும்பும் மூட்டும் கோணலா வளரும், கம்மியானாலும் கோணும். நீங்க பெரிய ஜாதிக் குட்டிக்குன்னு வர்ற பாக்கெட் தீனி போடறதா எழுதிருக்கீங்க, அதுலயே அளந்து போட்டிருக்கான், சிரப்ப இன்னியோட நிறுத்துங்க. பால் சோறும் கோழிச் சாறும் மட்டும் போடற வீடா இருந்தா கதை வேற, அவங்க டாக்டர கேட்டு அளவோட குடுக்கணும். காதுக்கும் சிரப்புக்கும் சம்பந்தமே இல்ல, அது மூணு மாசத்துலேருந்து ஆறு மாசத்துக்குள்ள அதுவா நிமிரும், பல்லு மொளைக்கறப்போ ஒரு காது படுத்துக்கும், போட்டோ எடுத்து வெச்சுக்கங்க, அந்த ரெண்டு வாரம் திரும்ப வராது.

கடைசிப் பக்கத்துல ஓரமா ஒன்னு கேட்டிருக்கீங்க, பேரு இன்னும் வெக்கல, நீங்க ஒரு பேரு, அவரு ஒரு பேரு சொல்றீங்க, மாமியார் மட்டும் "டேய் மணி"ன்னு கூப்பிட்டுட்டிருக்காங்கன்னு. புதுக் கூண்டு வந்ததும் கதவ தொறந்து வெச்சு உள்ள நாலு துண்டு தீனிய போட்டுட்டு, மூணு பேரும் ஆளுக்கு ஒரு தடவ அவங்கவங்க பேர சொல்லி கூப்பிட்டுப் பாருங்க. எந்தப் பேருக்கு அது தல தூக்கி திரும்புதோ அத தடுப்பூசி கார்டுல எழுதிட்டு வாங்க. எனக்கென்னமோ மணிதான்னு தோணுது.